வாசலில் கழற்றிய மீட்டரைத் திரும்ப மாட்டுங்கள்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தினருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும்,

போன திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு மகளை இறக்கிவிட வந்தேன். காவலர் கொட்டகைச் சுவரில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. காற்றில் உள்ள தூசியை அளக்கப் பெற்றோர் சிலர் சேர்ந்து மாட்டியிருந்த மீட்டரைக் காணோம். கேட்டதற்குக் காவலர் அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ரொட்டிப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "தூக்கிப் போடச் சொன்னாங்க தம்பி, எனக்கு மனசு வரல" என்றார்.

அன்று மாலைதான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் உங்கள் அறிவிப்பு வந்தது. அங்கீகாரம் இல்லாத கருவி, தேவையற்ற பதற்றம், அகற்றப்பட்டுவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. இரண்டே வரி. யார் முடிவெடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில், யாரிடம் கேட்டு என்று ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் நேரில் இரண்டு முறை கேட்டேன். ஒரு கடிதமும் கொடுத்தேன். பதில் வராததால் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. நானும் அங்கே படித்தவன்தான், அதைச் சந்தியில் இழுத்து நிறுத்துவது என் நோக்கமில்லை. கோலாலம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பள்ளி நம்முடையது ஒன்று மட்டும் இல்லை என்பதால் மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் விஞ்ஞானி இல்லை. தராசு பழுது பார்ப்பவன். சௌக்கிட் சந்தையில் மீன் நிறுக்கும் தராசு, மஸ்ஜிட் இந்தியாவில் தாலிக்கொடி நிறுக்கும் தராசு, பழைய சாமான் கடையில் இரும்பு நிறுக்கும் தராசு என்று இருபத்தாறு வருடமாக இதே வேலை. அளக்கும் கருவி எப்போது பொய் சொல்லும், எப்போது நிஜம் சொல்லும் என்று பார்ப்பதுதான் என் சோறு. அதனால்தான் "அங்கீகாரம் இல்லாத கருவி" என்ற சொல் என்னை உறுத்துகிறது.

முதலில், மீட்டரைக் கழற்றுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் இரண்டு பேருக்கு டிங்கி. மாலை ஐந்தரைக்குக் கொசுப் புகை அடித்தார்கள். காற்று நம் பக்கம் வீசியது. மீட்டர் 800-ஐத் தாண்டியது. ஒரு பெற்றோர் அந்த எண்ணைப் படம் பிடித்து, "2013 புகைமூட்டத்தில் மூவாரில் இப்படித்தான் இருந்தது, அவசரகாலம் போட்டார்கள்" என்று எழுதிக் குழுவில் போட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் இருநூறு செய்திகள். பள்ளியை மூடுவார்களா, திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பலாமா, முகக்கவசம் எந்தக் கடையில் மலிவு. சனிக்கிழமை காலை யாரோ ஒருவர் வாரியத் தலைவர் வீட்டுக்கே போய்க் கேட்டாராம். திங்கட்கிழமை மீட்டர் இல்லை.

அன்று மீட்டர் தப்பு செய்யவில்லை. கொசுப் புகை என்பது மருந்து கலந்த எண்ணெய், நுண்துளிகளாகக் காற்றில் மிதப்பது. மீட்டர் அந்தத் துளிகளைப் பார்த்தது, இருப்பதைச் சொன்னது. என் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால்கூட அதே மாதிரி மீட்டர் 300-க்குத் தாவும். மனைவி கருவாடு பொரித்தாலும் தாவும். அதற்குச் சாமியும் தெரியாது, கருவாடும் தெரியாது. தப்பு எங்கே என்றால், அந்த எண் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்ற கணக்கு, அதுவும் சில நிமிடத்துக்கு. 2013 ஜூனில் மூவாரில் 700-ஐத் தாண்டியது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அரசாங்கம் வெளியிடும் மதிப்பெண். இரண்டும் வேறு வேறு அளவை. முழத்தால் அளந்ததைக் கிலோவோடு ஒப்பிட்ட கதை. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு எண்ணைச் சுவரில் மாட்டியது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு பக்கத்தில் ஒரு விளக்கத் தாளை ஒட்டுவது. கருவியைக் கழற்றுவது எப்படித் தீர்வாகும்?

சரி, அந்த மீட்டர் எவ்வளவு நம்பத்தக்கது? இதை நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள். தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. காவலர் அண்ணன் தினமும் காலையில் மேசையைத் துடைத்து, கறுத்த துணியை எல்லாருக்கும் காட்டுவார். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் துணியில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு பருமனான தூசி. மூக்கும் தொண்டையும் அதில் நிறையப் பிடித்துவிடும். பிடிபடாமல் நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாதது. அதனால் துணியைப் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை, துணி வெள்ளையாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் சரியில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும்.

முறையாக அளப்பது என்றால் நிறுப்பதுதான். ஒரு வடிகட்டியை நிறுத்து வைத்துக்கொண்டு, அதன் வழியே 24 மணி நேரம் காற்றை இழுத்து, மறுபடி நிறுப்பது. வழக்கமான கருவி நாளுக்கு 24 கன மீட்டர் காற்றை இழுக்கும். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் தூசி இருந்தால், நாள் முழுக்க வடிகட்டியில் சேர்வது அரை மில்லிகிராம்கூட வராது. நகைக்கடைத் தராசில் கடைசி இலக்கம் 0.01 கிராம், அதாவது 10 மில்லிகிராம். அதில் இருபதில் ஒரு பங்கை நிறுக்க வேண்டும். அதிகாரபூர்வ நிலையங்களில் இருக்கும் ஒரு வகைக் கருவியைப் பற்றிப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாகவே இருந்தது. சன்னமான கண்ணாடிக் குழாய், முனையில் வடிகட்டி. குழாய் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். தூசி படியப் படிய அதிர்வு மெதுவாகும். அந்த மாற்றத்தை வைத்து எடையைக் கணக்கிடும். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரத்தை உலர்த்திவிட்டுத்தான் நிறுக்கும். அதெல்லாம் தராசு!

நம் வாசலில் இருந்தது அப்படி இல்லை. மூன்று பெற்றோர் சேர்ந்து இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் கூடச் செலவழித்து, பொலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன் மகன் ஒட்டித் தந்த பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலைப் பார்த்து, இவ்வளவு எடை இருக்கலாம் என்று அது மதிப்பிடும். சந்தையில் பூசணிக்காயைப் பார்த்தே "மூணு கிலோ இருக்கும்" என்று சொல்லும் காய்கறிக்கடை அக்காவைப் போல. அக்கா சொன்னால் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காய் ஊறிப் பெருத்திருந்தால் ஏமாந்துவிடுவார். நம் மீட்டரும் அப்படியே. ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கும், மீட்டர் கூட்டிக் காட்டும். கோலாலம்பூரில் விடியற்காலை ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஒரு குறை உண்டு. டீசல் புகையில் வரும் மிக நுண்ணிய கரித்துகளில் நிறைய 0.3 மைக்ரோமீட்டருக்கும் கீழே. அதை இந்த வகை லேசர் சரியாகப் பார்ப்பதே இல்லை. லோரிப் புகை விஷயத்தில் மீட்டர் நமக்குக் குறைத்தே சொல்லியிருக்கலாம்.

என் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. எப்போதும் ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும் தராசு எனக்குக் கவலை இல்லை, ஐம்பதைக் கழித்தால் தீர்ந்தது. ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைக்கும் தராசுதான் ஆபத்து. எது எந்த ரகம் என்று தெரிய எடைக்கல்லோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வாங்குவதும் இதற்காகத்தான். தராசு தப்பாகக் காட்டுகிறது என்று புகார் வந்தால் நான் எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு போவேன். தராசைப் பையில் போட்டு இழுப்பறையில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

நம் மீட்டரையும் எடைக்கல்லோடு வைத்துப் பார்த்தேன். காற்றை அளக்கும் சுற்றுச்சூழல் துறையின் தானியங்கி நிலையம் ஒன்று கோலாலம்பூரின் பத்து மூடா என்ற பகுதியில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் என் நண்பரின் வீடு. வாசலில் மாட்டுவதற்கு முன்பே மீட்டரை அவர் வீட்டு வெளி வராந்தாவில் பத்து நாள் ஓடவிட்டேன். துறை வெளியிடும் குறியீடு பிஎம் 2.5-ஐ வைத்து வந்த நாட்களை மட்டும் எடுத்து, அதைத் திரும்ப மைக்ரோகிராமாக மாற்றி, நம் மீட்டரின் 24 மணி நேரச் சராசரியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அங்கே 20 வரும் நாளில் நம்முடையது 27, 28 காட்டியது. அங்கே ஏறினால் இங்கேயும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில் மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டியது, அந்த நாளை விட்டுவிட்டேன். ஆக, இது கூட்டிக் காட்டும் தராசு. ஆனால் ஒழுங்காகக் கூட்டிக் காட்டும் தராசு. அந்த நோட்டுப் புத்தகத்தின் நகலைக் கடிதத்தோடு கொடுத்திருந்தேன். யாராவது திறந்து பார்த்தீர்களா?

இந்த இடத்தில் உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் கேட்டார்: "அரசாங்கமே அளந்து சொல்லுதே, நாம எதுக்கு?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

அரசாங்கத்தின் நிலையம் நகரத்தின் காற்றை அளக்கிறது. அதைச் சரியாகவே செய்கிறது. பத்து மூடாவும் செராஸும் சேர்த்து இந்தப் பெரிய நகரத்துக்கு அப்படிப்பட்ட நிலையங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். நிலையத்தைச் சாலையோரத்தில், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள், வைத்தால் வட்டாரத்தின் காற்று தெரியாது. அப்புறம், தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 23 மணி நேரம் காற்றில் 18 மைக்ரோகிராம், ஒரே ஒரு மணி நேரம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி என்ன வரும்? 21. அந்த 90 எங்கே போனது? கரைந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள் என்றால், 21 என்ற எண் பொய் இல்லை, ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றியதும் இல்லை.

நம் வாசல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நான் படித்த காலத்தில் எதிரே ஒரு சாலை, அதற்கப்பால் புறம்போக்கு வீடுகள், வாழை மரங்கள். இன்றைக்கு மேலே நெடுஞ்சாலைப் பாலம், கீழே இணைப்புச் சாலை, சமிக்ஞை விளக்கில் சிமெண்டு லோரிகளின் வரிசை. எதிரே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை பள்ளி வேன்கள் பதினைந்துக்குக் குறையாமல் வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கின்றன. ஏர்கோனுக்காக. அதில் பாதி நேரம் சூரியன்கூட எழுந்திருக்காது. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று அசையாமல் மூடி போட்டது போல நிற்கும், வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மேலே கலையும். புகை வெளியே போக வழியில்லாத அந்த நேரத்தில்தான் நாம் சபைகூடலை வைக்கிறோம். அதையும் வாசலுக்கு நேர் எதிரே, முன்முற்றத்தில்.

இரண்டாவது மீட்டர் ஒன்றை என் காசில் வாங்கினேன். மூன்று நாள் இரண்டையும் வீட்டில் அருகருகே வைத்து, ஒரே மாதிரி காட்டுகின்றனவா என்று பார்த்தேன். காட்டின. அப்புறம் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பின்திடலில் மூலிகைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் மாட்டினேன். இரண்டு வாரமும் மகள்தான் தினமும் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதினாள். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவே வாசலில் பெரும்பாலும் அறுபதை ஒட்டி. அதே நேரத்தில் பின்திடலில் முப்பத்தைந்து, நாற்பது. பத்து மணிக்கு மேல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்பீர்கள். காட்டட்டும், இரண்டும் ஒரே அளவு கூட்டிக் காட்டுகின்றன. தராசு எதுவானாலும் ஒரே தராசில் நிறுத்தால் எந்த மூட்டை கனம் என்பதில் சந்தேகம் வராது. வாசல் பின்திடலைவிட ஒன்றரை மடங்கு கனம். நூற்றைம்பது தப்படி தூரத்தில்.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் மட்டும் வாசல் எண் பாதியாக விழுந்தது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். கெடவில்லை. அன்று வாசல் சாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, வேன்கள் எல்லாம் பின்சந்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தன. பாலத்தில் வழக்கமான நெரிசல்தான். ஒருநாள் கணக்கை வைத்து நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பத்து நாள் அப்படிச் செய்து பார்த்திருந்தால், வாசலில் உள்ளதில் எவ்வளவு நெடுஞ்சாலையின் பங்கு, எவ்வளவு நம் வேன்களின் பங்கு என்று தெரிந்திருக்கும். நெடுஞ்சாலையை நாம் நகர்த்த முடியாது. வேனை நகர்த்தலாம். அதைப் பார்க்கத்தான் திட்டமிட்டிருந்தேன், அதற்குள் மீட்டர் இழுப்பறைக்குப் போய்விட்டது.

புகைமூட்டம் வந்தால் மட்டும்தான் காற்று கெடும் என்று நமக்கு ஒரு பழக்கம். 1997, 2005, 2013, 2015, 2019 என்று வருடங்களை நினைவு வைத்திருக்கிறோம். குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை நிறுத்தம், 200-ஐ எட்டினால் பள்ளி விடுமுறை என்று விதியும் இருக்கிறது. சுமத்ராவிலிருந்து புகை வரும்போது நாமும் சுறுசுறுப்பாக இருக்கிறோம். மற்ற நாட்களில் வருவது நம் வாசலிலேயே தயாராகும் புகை, அதற்கு விதி இல்லை. இத்தனைக்கும் 2018 வரை நம் நாட்டுக் குறியீட்டுக் கணக்கில் பிஎம் 2.5 சேர்க்கப்படவே இல்லை, பருமனான பிஎம் 10-தான் இருந்தது. அளக்கத் தொடங்கிய பிறகுதான் அது கணக்கில் வந்தது. இப்போது நம் நாட்டின் தரநிலை ஆண்டுச் சராசரிக்கு 15 மைக்ரோகிராம், 24 மணி நேரத்துக்கு 35. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது இன்னும் கடுமை, ஆண்டுக்கு 5, 24 மணி நேரத்துக்கு 15. நம் வாசலின் அரை மணி நேர எண்ணை இவற்றோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது, மறுபடியும் முழமும் கிலோவும் கதையாகிவிடும். தரநிலை என்று ஒன்று இருக்கிறது, அது காலப்போக்கில் இறுகிக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். முதலாம் ஆண்டுப் பதிவு. போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு பதிவு நாளிலும் செயலவையினர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதை நானும் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். "அந்தப் பள்ளியில் காற்று சரியில்லை" என்று ஒரு பேச்சு கிளம்பினால் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்.

இதே பயத்தில் நாடே ஒருமுறை இருந்தது. 2005 ஆகஸ்டுக்கு முன் சில ஆண்டுகள் குறியீட்டு எண்களை அரசாங்கம் பொதுமக்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. சுற்றுலாப் பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்ற கவலை. அந்த ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரகாலம் போட வேண்டி வந்தது, எண்களையும் வெளியிட வேண்டி வந்தது. அதன் பிறகு சுற்றுலாப் பயணிகள் வராமலா போனார்கள்? இன்று எவரும் கைப்பேசியில் எந்த ஊரின் எண்ணையும் பார்க்கலாம்.

இன்னொன்று. பத்து மூடா நிலையமும் செராஸ் நிலையமும் எங்கே இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். இரண்டும் பள்ளி வளாகத்துக்குள். காற்றை அளக்கும் கருவி தம் வளாகத்தில் நிற்பதால் அந்தப் பள்ளிகளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

என் மகளுக்கு இழுப்பு இல்லை, நன்றாக ஓடுகிறாள். அவள் வகுப்பிலேயே பையில் பம்பு வைத்திருக்கும் பிள்ளைகள் மூன்று பேர். காற்றால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று பேரும் சபைகூடலில் முன்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரம் குறைந்தவர்கள் முன்னால் என்பது நம் வழக்கம். பின்திடலில் நிறுத்துவதற்கு ஒரு காசு செலவில்லை.

ஆகவே கேட்கிறேன். வேண்டுகோள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

மீட்டரை இந்த மாதத்துக்குள் பழைய இடத்திலேயே திரும்ப மாட்ட வேண்டும். பின்திடலில் என்னுடைய இரண்டாவது மீட்டரையும் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளுங்கள், அதைப் பள்ளிக்கே தந்துவிடுகிறேன். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்ணை வாசலில் காட்ட வேண்டாம், அதுதான் பதற்றம் தருகிறது என்பதில் எனக்கும் உடன்பாடு. ஒரு மணி நேரச் சராசரியும் முந்தைய நாளின் 24 மணி நேரச் சராசரியும் மட்டும் அறிவிப்புப் பலகையில் போதும். பக்கத்தில் ஒரு தாள்: இது மைக்ரோகிராம், குறியீடு அல்ல, இந்தக் கருவி கூட்டிக் காட்டும், இவ்வளவு கழித்துப் படிக்கவும், கொசுப் புகை அடித்தால் தாவும். தாளை நானே எழுதித் தருகிறேன், தமிழாசிரியை திருத்தட்டும்.

கருவியை முறையாகச் சோதித்துத் தரும்படி சுற்றுச்சூழல் துறைக்குப் பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். நான் தனியாளாகக் கேட்பதற்கும் ஒரு மேலாளர் வாரியம் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் மறுத்தால் மறுக்கட்டும், அந்தப் பதிலையும் பலகையில் ஒட்டுவோம்.

அளந்து முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு காரியம் உண்டு. சபைகூடலையும் காலை உடற்கல்வியையும் பின்திடலுக்கு மாற்றுங்கள். வேன் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, வாசலில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள். பாதிப் பேர் நம் முன்னாள் மாணவர்கள், அவர்கள் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். முடிந்தால் பின்சந்தில் இறக்கிவிடும் ஏற்பாட்டைப் பத்து நாள் பரீட்சித்துப் பார்ப்போம், அந்தப் பத்து நாள் கணக்கை நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாக, கழற்றும் முடிவை எடுத்த கூட்டத்தின் குறிப்பைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வரும் ஆண்டுக்கூட்டத்தில் இதை ஒரு தனிப் பொருளாகச் சேர்க்கும்படி இன்னும் பதினொரு பெற்றோரின் கையொப்பத்தோடு மனு கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேனோடு வாசலில் இருப்பேன். மீட்டர் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது, காவலர் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். சுவரில் துளைகளும் அப்படியே இருக்கின்றன. திருகாணி நான்கும் டிரில்லும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் சரி என்றால் போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை